பேச்சி அழ வேண்டிய காட்சி

கொல்லிமலைக்குப் போகிறவர்கள் அருவியில் குளிப்பார்கள், கோவிலுக்குப் போவார்கள், மிளகும் தேனும் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். நான் என் மகள் அழுவதைப் பார்க்கப் போனேன்.

சொல்வதற்கே ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. ஆனால் விஷயம் அதுதான். பேச்சிக்குப் பதினைந்து வயது. முழுப்பெயர் பேச்சியம்மாள், எங்கள் குலசாமியின் பெயர். அவள் நடிக்கிற முதல் பெரிய படம் இது. மலையில் வளரும் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணின் கதை. கதையின் நடுவில் அந்தப் பெண்ணின் அம்மா செத்துப்போகிறாள். பிணத்தின் காலடியில் உட்கார்ந்து பெண் அழவேண்டும். அதைக் கொல்லிமலையில் எடுப்பதாகச் சொல்லி எங்களை வரச் சொல்லியிருந்தார்கள்.

அம்மாவும் பெண்ணுமாகத்தான் போயிருக்க வேண்டும். இந்த நடிப்பு சமாச்சாரமெல்லாம் என் மனைவி கோமதியின் இலாகா. நான் தூத்துக்குடியில் ஒரு லாரி ஷெட்டில் பார்சல் புக்கிங் பார்க்கிறவன். மூட்டையைப் பார்த்தால் எடை சொல்வேன். முகத்தைப் பார்த்து இது நல்ல நடிப்பா, மோசமான நடிப்பா என்று சொல்லத் தெரியாது. பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பேச்சி நடித்ததைப் பார்த்துவிட்டு ஒருவர் குறும்படத்துக்குக் கூப்பிட்டார். அன்று தோளில் மாட்டிய பையை கோமதி கழற்றவே இல்லை. மதுரை, சென்னை என்று பெண்ணைக் கூட்டிக்கொண்டு அலைந்தாள். பையில் சேப்டி பின், சீப்பு, எலுமிச்சம்பழம், பிளாஸ்டிக் கவர், கடலை மிட்டாய் என்று ஒரு சின்ன பெட்டிக்கடையே இருக்கும்.

இந்தப் படத்துக்குத் தேர்வானதும் அவள் இருக்கும்போதுதான். தேர்வில் செய்து காட்டச் சொன்னதும் இதே சாவுக் காட்சிதான். அதற்காக எங்கள் வீட்டில் தினமும் ஒத்திகை நடந்தது. கோமதி கூடத்தின் நடுவில் பாயை விரித்து மல்லாக்கப் படுத்துக்கொள்வாள். கால் பெருவிரல் இரண்டையும் ரிப்பனால் சேர்த்துக் கட்டச் சொல்வாள். மூக்கில் பஞ்சு வேண்டும் என்று ஆரம்பித்தபோது நான் சத்தம் போட்டேன்.

"வெளக்கு வைக்கிற நேரத்துல என்ன கூத்து இது?"

"நீங்க சும்மா இரிங்க. பிள்ள தொழில் படிக்கா. தொந்தரவு பண்ணாதிய" என்று பிணம் பதில் சொல்லும்.

பேச்சி காலடியில் உட்கார்ந்து "எம்மா, எம்மா" என்று அழுவாள். கொஞ்ச நேரத்தில் பிணத்தின் வயிறு குலுங்கும். கோமதி எழுந்து உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிப்பாள். "பொய்யா அழுதா எந்திரிச்சுச் சிரிச்சிருவேன், கேட்டியா? நெசமா அழு. நெசமா அழுதேன்னா நான் எந்திரிக்கவே மாட்டேன்." இதுதான் அம்மாவுக்கும் பெண்ணுக்கும் விளையாட்டு விதி. பேச்சி எப்படி அழுது பார்த்தாலும் எங்கள் வீட்டுப் பிணம் கடைசியில் எழுந்து சிரிக்காமல் இருந்ததில்லை. அப்புறம் மூன்று பேரும் தோசை சாப்பிடுவோம்.

படம் தொடங்குவது தள்ளிக்கொண்டே போனது. அதற்குள் கோமதி போய்விட்டாள். ஒரு காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவள், திரும்பி நடந்து வரவில்லை.

அதே கூடத்தில்தான் அவளைக் கிடத்தினார்கள். பேச்சி காலடியில் நின்றுகொண்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தூக்கும்போதும் அழவில்லை. "சினிமாவுல அழப்போற பிள்ளைக்குப் பெத்தவளுக்கு அழுக வரல பாரு" என்று சொந்தக்காரி ஒருத்தி என் காதில் விழும்படியே சொன்னாள். அவளை அடித்திருப்பேன். கொள்ளிச்சட்டி கையில் இருந்தது.

அதற்கப்புறமும் பேச்சி அழவில்லை. பள்ளிக்கூடம் போனாள். எனக்குச் சோறு வடித்துத் தந்தாள். அம்மா பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவாள். இந்தப் பிள்ளைக்கு உள்ளே என்ன ஆகிறதோ என்கிற பயம் எனக்கு வேலை நேரத்திலும் விடாது. படக் கம்பெனியிலிருந்து போன் வந்தபோது, வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் போனைப் பிடுங்கி, "வாறோம் சார்" என்றாள். வைத்த பிறகு என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். "அம்மா செத்தத அங்க யார்ட்டயும் சொல்லக்கூடாதுப்பா. சொன்னா பாவம்னு பாப்பாங்க. நான் நடிச்சது நடிப்பாவே இருக்காது."

சேந்தமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது நல்ல வெயில். எங்கள் ஊர் வெயிலுக்குக் காற்றாவது உண்டு. இங்கே அதுவும் இல்லை. கம்பெனி அனுப்பிய வேன் நின்றிருந்தது. ஓட்டுகிறவர் சாதிக் பாய், அதே ஊர்க்காரர். குடும்பத்துக்குக் கடைத்தெருவில் பாத்திரக் கடை இருக்கிறது. அதைத் தம்பியிடம் விட்டுவிட்டு இவர் மலைக்கு வண்டி ஓட்டுகிறார்.

"ஏனுங்ண்ணா, டிபன் ஆச்சுங்களா?"

"இல்லையே. இங்க எந்த ஓட்டல் நல்லாருக்கும்?"

"இப்ப சாப்புடாதீங்க. மேல போயிப் பாத்துக்கலாமுங்க. எழுபது வளைவுங்க. உள்ள போனதெல்லாம் வெளிய வந்துருமுங்க."

லாரி ஷெட்டில் இருபது வருஷம் குப்பை கொட்டியவனுக்கு வளைவைப் பற்றிப் பாடமா? நெய்த் தோசை இரண்டு, வடை ஒன்று சாப்பிட்டுவிட்டுத்தான் ஏறினேன். பேச்சி ஒரு டீயோடு நிறுத்திக்கொண்டாள். பாதி மலை ஏறுவதற்குள் பாய் சொன்னது பலித்துவிட்டது. நான் வாயைப் பொத்திக்கொண்டு கையை ஆட்ட, பேச்சி கோமதியின் தோள்பையைத் திறந்து ஒரு கவரை எடுத்து நீட்டினாள். பிறகு எலுமிச்சம்பழம் ஒன்று. காய்ந்து கல்லாகிப் போயிருந்தது. கோமதி வைத்த பழம். பையை நாங்கள் யாரும் கலைக்கவே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. மோந்து பார்த்தேன். வாசனை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

அதற்கு மேலே ஒரு வளைவில் குச்சிக்கிழங்கு ஏற்றி வந்த லாரி திரும்ப முடியாமல் குறுக்கே நின்றது. நாங்கள் மரச்சீனிக் கிழங்கு என்போமே, அதுதான். மேலேயும் கீழேயும் வண்டிகள் நின்றுவிட்டன. என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள இதுதான் சமயம் என்று இறங்கிப் போய்ப் பின்னால் நின்று, "வா, வா, ஒடி, நேர் பண்ணு, வா" என்று கைகாட்டி எடுத்துவிட்டேன். லாரி டிரைவர் தலையை நீட்டி, "எந்த ஊருங்க நீங்க?" என்றார். தூத்துக்குடி என்றதும், "உப்பு ஊருங்களா? அத்தன தூரத்துல இருந்தா இதுக்கு வந்தீங்க?" என்று சிரித்தார். பேச்சியும் ஜன்னல் வழியாகச் சிரித்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் அவள் பல் தெரிந்ததில் எனக்குக் குமட்டல்கூட நின்றுவிட்டது.

செம்மேட்டில் லாட்ஜ். சாயங்காலம் குளிர் ஏறியது. எங்கள் ஊரில் குளிர் என்றால் மார்கழியில் ஒரு துண்டு போதும். இங்கே இரண்டு சட்டை போட்டும் முட்டி ஆடியது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓரமாக ஒருவர் முடவாட்டுக்கால் சூப் விற்றுக்கொண்டிருந்தார். பார்வைக்கு ரோமம் வைத்த ஆட்டுக்கால். உண்மையில் பாறையில் வளரும் கிழங்கு. மிளகைத் தாராளமாகப் போட்டிருந்தார். மூட்டு வலிக்குக் கண்கண்ட மருந்து என்றார். "மனசுக்கு?" என்று கேட்க நினைத்து, சூப்பை ஊதினேன். மீன் கிடைக்காத ஊரில் இதுவாவது கிடைத்ததே என்று இரண்டாவது டம்ளரும் வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் குண்டூர் நாட்டில் ஒரு சின்ன ஊரில் படப்பிடிப்பு. பேச்சி பள்ளிக்கூடப் பையோடு மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே நடந்து போவது, சாமை வயலின் வரப்பில் ஓடுவது, இப்படி லேசான காட்சிகள். நடந்ததையே திரும்பத் திரும்ப நடக்கச் சொன்னார்கள். நான் தோள்பையை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு இடமாக நகர்ந்தேன். எங்கே நின்றாலும், "சார், பிரேம்ல இருக்கீங்க" என்று ஒருவர் விரட்டினார். கோமதி எங்கே நின்றிருப்பாள் என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. கேட்டுவைத்துக்கொள்ளத் தோன்றவே இல்லை.

கடைசியில் ஒரு பலா மரத்தடியில் இடம் கிடைத்தது. அங்கே ஏற்கெனவே ஒரு அம்மாள் கால் நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். வசந்தாக்கா. மதுரைக்காரர். மறுநாள் பேச்சியின் அம்மாவாகப் பிணமாய்ப் படுக்கப் போகிறவர்.

"எனக்கு இதான்ணே வேல" என்றார். "பொணம்னா வசந்தாவக் கூப்பிடுன்னு சொல்லுவாங்ய. மூச்ச அடக்கிக்கிட்டு அசையாமக் கெடப்பேன். ஈ உக்காந்தாலும் அசைய மாட்டேன்."

"பயமா இருக்காதா?"

"மொத தடவ இருந்துச்சு. அதுக்குத்தான் ஒரு வழக்கம் வச்சிருக்காங்க. பொணமாப் படுத்தவ ஷாட்டு முடிஞ்சதும் சும்மா எந்திரிக்கக் கூடாது. கேமராவ நிப்பாட்டாம ஓட விட்டு, அதப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே எந்திரிக்கணும். அப்பத்தேன் தோசம் ஒட்டாது. அப்புறம் பூசணிக்கா ஒடைப்பாங்க. எவ்வளவு பெரிய நடிகரா இருந்தாலும் இதுதேன்."

எனக்கு எங்கள் கூடத்துப் பாய் ஞாபகம் வந்தது. கோமதிக்கு இந்த வழக்கம் தெரிந்திருக்குமா என்ன?

காட்சிக்காகப் பார்த்து வைத்திருந்த வீடு பழனியம்மாவுடையது. மலையிலேயே பிறந்து வளர்ந்து விவசாயம் பார்க்கிறவர். என் வயது இருக்கும், கையெல்லாம் காப்புக் காய்ச்சியிருந்தது. மதியம் எங்களுக்குச் சாமைச் சோறும் கீரைக் குழம்பும் அவர்தான் போட்டார். கம்பெனிச் சாப்பாட்டை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அரிசிச் சோறு பழகிய நாக்குக்கு முதல் வாய் சொரசொரவென்று இருந்தது. மூன்றாவது வாயில் இன்னும் கொஞ்சம் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே டைரக்டர் வந்தார். முப்பது வயதுகூட ஆகாத தம்பி, மரியாதையான பையன். பிணத்தை வீட்டுக்குள்ளே கிடத்தலாமா என்று கேட்டார்.

"அது ஆகாதுங்க" என்றார் பழனியம்மா. "ஊட்டுக்குள்ள வேண்டாமுங்க. வாசல்ல வெச்சுக்கங்க. உசுரோட இருக்கறவீங்களுக்கு ஒப்பாரி வெக்கறதே எங்களுக்கு மனசு ஒப்பலீங்க."

வசந்தாக்கா எழுந்து போய் அந்தச் சிரிக்கிற வழக்கத்தை விளக்கினார். பழனியம்மா யோசித்தார். பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூட்டிப் பேசினார். பிறகு வந்து, "செரிங்க. ஆனா அந்தத் தாயி எந்திரிச்சுச் சிரிக்கறத நாங்க எல்லாருமே கண்ணால பாக்கோணும். பாத்துட்டுத்தான் ஊட்டுக்குப் போவோமுங்க" என்றார். அப்படியே பேசி முடிந்தது.

மூன்றாம் நாள் காலையில் மூடுபனி. எதிர் வீடு தெரியவில்லை. டைரக்டருக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. வாசலில் பாய் விரித்து வசந்தாக்காவைக் கிடத்தினார்கள். முகத்தில் மஞ்சள், நெற்றியில் காசு, கழுத்தில் மாலை. கால் பெருவிரல் இரண்டையும் ஒரு உதவி டைரக்டர் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டினார். பேச்சி அதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன ஆனாலும் ஓடிப்போய்த் தூக்கிவிடலாம் என்கிற தூரத்தில் நின்றேன். யாரும் பிரேம் என்று விரட்டவில்லை.

பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். பேச்சி காலடியில் உட்கார்ந்து, "எம்மா" என்றாள். அவ்வளவுதான். கண்ணில் ஒன்றும் வரவில்லை. மறுபடி எடுத்தார்கள். மறுபடி. கிளிசரின் போட்டார்கள், கண் சிவந்தது, முகம் கல்லாகவே இருந்தது. டைரக்டர் கோபப்படவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அண்ணே, அம்மா ஏன் வரல? அன்னிக்குத் தேர்வுல அவங்கதான் கூட இருந்தாங்க. பாப்பா பிரமாதமா அழுதா."

"வேல இருக்கு" என்றேன்.

"அப்ப ஒரு போன் போட்டுக் குடுங்களேன். அம்மா குரலக் கேட்டா கொஞ்சம் இளகும்."

"சிக்னல் இல்லையே தம்பி."

"அந்த மேட்டுப் பாறையில நின்னா கிடைக்கும்ணே" என்று அக்கறையாகக் கைகாட்டினார்.

என்ன செய்வது? பேச்சியைக் கூட்டிக்கொண்டு பாறையில் ஏறினேன். கீழே எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். "போதும்டி, ஊருக்குப் போயிருவோம்" என்றேன். "இப்பவே சொல்லிட்டு வாறேன்."

"போன காதுல வைங்கப்பா. பாக்காங்க" என்றாள்.

காதில் வைத்தேன். எதிர்முனையில் யாரும் இல்லை. என்ன பேசுவது என்று தெரியாமல், "சாப்ட்டியா?" என்றேன். ஷெட்டிலிருந்து தினமும் மத்தியானம் கோமதியிடம் கேட்கிற கேள்வி. அதற்கு மேல் எனக்கு வரவில்லை. பேச்சி போனை வாங்கிக்கொண்டாள். "நல்லாருக்கேம்மா. இங்க ரொம்பக் குளிருது. அப்பா வேன்ல வாந்தி எடுத்துட்டாவ" என்றாள். கொஞ்ச நேரம் பதில் கேட்பதுபோல நின்றாள். அப்புறம், "சரிம்மா, வைக்கேன்" என்று போனை என்னிடம் தந்துவிட்டு இறங்கிப் போனாள். அவள் எவ்வளவு பெரிய நடிகை என்று அந்தப் பாறையில்தான் எனக்குத் தெரிந்தது. சத்தியமாக அதைத் தெரிந்துகொள்ளாமலே இருந்திருக்கலாம்.

திரும்பி வந்தும் கண்ணீர் வரவில்லை. மதியம் தாண்டியது. "பரவால்ல, அழாமலே இருக்கட்டும். முகம் போதும்" என்று டைரக்டர் ஒருவழியாகச் சமாதானம் ஆகி, கடைசியாக ஒன்று எடுத்து முடித்தார். உடனே பழனியம்மா முன்னால் நகர்ந்து வந்தார். "எந்திரிங்க தாயி. எந்திரிச்சுச் சிரிங்க. ரொம்ப நேரமா மனசு பதறிக்கிட்டுக் கெடக்குதுங்க."

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. வசந்தாக்காவின் வயிறு முதலில் குலுங்கியது. பிறகு கண்ணைத் திறந்து, மாலை மடியில் சரிய எழுந்து உட்கார்ந்து, வாய்விட்டுச் சிரித்தார்.

காலடியில் இருந்த பேச்சி அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். "எம்மா" என்று ஒரு சத்தம் வந்தது. அப்படியே அந்த மடியில் போய் விழுந்தாள். மஞ்சளும் மாலையும் நசுங்க அந்த அம்மாளைக் கட்டிக்கொண்டு கதறினாள். பிறந்த குழந்தையாக இருந்தபோதுகூட அவள் அப்படி அழுது நான் கேட்டதில்லை. வசந்தாக்காவின் சிரிப்பு நின்றுபோனது. ஒன்றும் புரியாமல் அவள் தலையைப் பிடித்துக்கொண்டார்.

கேமரா பக்கத்தில் இருந்த யாரோ கை தட்டினார்கள். கூடவே இன்னும் இரண்டு பேர்.

"கை தட்டாதீங்க சாமி!" என்று பழனியம்மா அதட்டினார். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "ஏனுங்க, இந்தப் புள்ளைக்குத் தாய் இல்லீங்களா?"

சத்தியத்தை மறந்து தலையாட்டினேன். ஒப்பாரி வைத்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரும் அழாதே என்று சொல்லவில்லை.

சாயங்காலம் டைரக்டர் எங்கள் அறைக்கு வந்தார். நாற்காலி இருந்தும் தரையில் உட்கார்ந்தார். "போன் பண்ணச் சொன்னேனேண்ணே" என்றார். அதையே இரண்டு மூன்று தடவை சொன்னார். கிளம்பும்போது தயங்கினார். "ஒண்ணு கேக்கணும். கேமரா ஓடிட்டு இருந்துச்சு. பாப்பா அழுதது அப்படியே பதிவாயிருக்கு. அதப் படத்துல வச்சா, யாராலயும் அத மறக்க முடியாது. பாப்பாவ எங்கயோ கொண்டு போயிரும். வேண்டாம்னா அழிச்சிருவேன். நீங்க சொல்றதுதான்."

நான் சொல்ல வாயெடுப்பதற்குள் கட்டிலில் படுத்திருந்த பேச்சி எழுந்து உட்கார்ந்தாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"அது படத்துக்கு அழுதது இல்ல சார். எங்க அம்மாவுக்கு அழுதது. அத அழிச்சிருங்க. உங்களுக்கு நாளைக்கு அழுது தாறேன்."

மறுநாள் காலையில் முதல் வேலையாக எங்களைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு அதை அழித்தார்கள். அந்தத் தம்பியின் விரல் பொத்தான் மேல் கொஞ்ச நேரம் நின்றதைப் பார்த்தேன். பாவம், அவருக்கும் அது பிழைப்பு. ஆனாலும் அழுத்திவிட்டார்.

மறுபடி அதே வாசல், அதே பாய், அதே மஞ்சள். பழனியம்மாவிடம் கேட்கவே எங்களுக்குக் கூச்சமாக இருந்தது; அவராகவே பெண்களைக் கூட்டி வந்து உட்கார்ந்தார். பேச்சி காலடியில் உட்கார்ந்து அழுதாள். "எம்மா, எம்மா" என்று அவள் அழ அழ, கேமரா பிடித்தவர் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒப்பாரிக்காரப் பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டு விசும்பினார்கள். எனக்கு மட்டும் அந்த அழுகையை அடையாளம் தெரிந்தது. எங்கள் கூடத்தில், தோசைக்கு முன்னால், தினமும் கேட்ட அழுகை. ஒரே தடவையில் டைரக்டர் போதும் என்றார். வசந்தாக்கா எழுந்து சிரித்தார். பேச்சியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். பூசணிக்காய் உடைத்தார்கள்.

கிளம்பும்போது பழனியம்மா ஒரு தார் மலைவாழையை வேனில் ஏற்றினார். பேச்சியின் கன்னத்தைத் தடவி, "அடுத்த தடவ ஷூட்டிங்குக்கு வராத கண்ணு. சும்மா வா. ஒரு வாரம் இருந்துட்டுப் போ" என்றார். வசந்தாக்கா பேச்சியின் தலைக்குத் தன் கையாலேயே எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டார்.

இறங்கும்போது சாதிக் பாய் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு ஒண்ணும் சாப்புடலீங்களே?" என்று கேட்டார். இல்லை என்றேன். வளைவு வளைவாக வண்டி இறங்கியது. பனி விலகி, கீழே சமவெளி வெயிலில் கிடந்தது. பேச்சி தோள்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா."

"என்னட்டி, குமட்டுதா?"

"இல்ல. அன்னைக்கு நம்ம வீட்டுல நான் ஏன் அழலன்னு தெரியுமா?"

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"நெசமா அழுதா எந்திரிக்க மாட்டேன்னு அம்மா சொல்லுவால்லா. அதான். அழாம நின்னுக்கிட்டே இருந்தேன்." பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "நேத்து நெசமா அழுதுட்டேன்பா. இனிமே அம்மா எந்திரிக்க மாட்டால்லா?"

இத்தனை மாசமாக எத்தனையோ பேரிடம் எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கிறேன். காலமாகிவிட்டாள் என்பேன், தவறிவிட்டாள் என்பேன். அவளிடம் மட்டும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

"மாட்டா தாயி" என்றேன். "எந்திரிக்க மாட்டா."

அதைச் சொன்ன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. பேச்சி என் தோளில் சாய்ந்துகொண்டாள். சாதிக் பாய் அடுத்த வளைவில் வண்டியை ஓரமாக நிறுத்தினார். டயரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி இறங்கிப் போனவர், வெகுநேரம் திரும்பி வரவில்லை.